ஒரே பையனுக்கு எத்தனை சட்டை!

தமிழில் அட்டை என்றால் இரண்டு. ஒன்று, மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போனால் காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. மற்றது, புத்தகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பர்ஸைக் குடிப்பது. முதல் அட்டைக்கு உப்பு வைத்தால் விழுந்துவிடும். இரண்டாவதற்கு மருந்து கிடையாது என்பதற்கு என் வீட்டு அலமாரியே சாட்சி. ஹாரி பாட்டர் முதல் பாகம் மட்டும் மூன்று இருக்கிறது. மூன்றிலும் அதே பையன், அதே மாடிப்படிக்குக் கீழே அதே அலமாரியில்தான் தூங்குகிறான். “மூணுலயும் கதை ஒண்ணுதானே?” என்று மனைவி கேட்டபோது, “அட்டை வேற” என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நடக்கவில்லை.

அந்த அட்டைகளின் சரித்திரத்தைப் பதிப்பாளர்கள் விழா மேடையில் சொல்லாத விதத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

லண்டனில் புளூம்ஸ்பரி என்றொரு பதிப்பகம். பெண் ஒருவர் எழுதிய, மந்திரப் பள்ளிக்கூடம் பற்றிய நாவல் அங்கே வந்து சேர்ந்தது. அதற்குமுன் ஒரு டஜன் பதிப்பகங்கள் அதைப் படித்து, அல்லது படிக்காமல், திருப்பி அனுப்பியிருந்தன. புளூம்ஸ்பரி தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு மிச்சம் எங்கே என்று நச்சரித்தாள். இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய பதிப்பு முடிவு இப்படி ஒரு மூன்றாம் வகுப்பு வாசகியால் எடுக்கப்பட்டது. சந்தை ஆய்வு, ஆலோசகர், பவர்பாயிண்ட் எதுவும் தேவைப்படவில்லை.

அட்டையில் முதலில் மாற்றப்பட்டது படம் இல்லை, ஆசிரியை. ஜோன் ரௌலிங் என்று பெண் பெயர் இருந்தால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்தது. இரண்டு இனிஷியல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்கு இருந்ததோ ஒரு பெயர்தான். இரண்டாவது இனிஷியலுக்காகப் பாட்டி கேத்லீனிடமிருந்து ஒரு ‘கே’யைக் கடன் வாங்கினார். நம் ஊரில் பெயருக்கு முன் அப்பா வருவார். அங்கே நடுவில் பாட்டி வந்து உட்கார்ந்தார். ஜே.கே. ரௌலிங் பிறந்தது இப்படித்தான். அட்டை ஓவியரைத் தேடும் முன்பே பதிப்பகத்தின் முதல் பயம் அட்டையில் ஏறிவிட்டது.

ஓவியர் தாமஸ் டெய்லர். வயது 23. அப்போதுதான் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் குழந்தைகள் புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளரும் புதுசு, கதையும் புதுசு, ஓவியரும் புதுசு. மூன்றையும் சேர்த்தால் செலவு குறைச்சல். ரயில் நிலையத்தில் பராக்குப் பார்த்தபடி நிற்கும் கண்ணாடிப் பையன், பின்னால் சிவப்பு நிற நீராவி எஞ்சின். நீர்வண்ணத்தில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பணக் கணக்கு பேசும்போது தேவைப்படும்.

பின்னட்டையில் காலி இடம் இருந்தது. அலங்காரத்துக்கு ஒரு மந்திரவாதி வரைந்து தாருங்கள் என்று கேட்டார்கள். எந்த மந்திரவாதி என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மந்திரவாதிக்கு மாடல் தேடி எங்கே போவது? டெய்லர் தன் அப்பாவை வரைந்துவிட்டார். தாடியும் புகைக்குழாயுமாக, கதைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத அந்த மனிதர் பின்னட்டையில் நின்றார்.

குழந்தைகள் பொல்லாதவர்கள். கதையை மூன்று தடவை படித்துவிட்டுப் பின்னட்டையைத் திருப்பி, இவர் யார் என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோர் என்றால் வெள்ளித் தாடி எங்கே? கடுகடு வாத்தியார் ஸ்னேப் என்றால் முகத்தில் இத்தனை சாந்தம் ஏது? ஓவியரைக் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். எங்க அப்பா என்று சொன்னால் எந்தக் குழந்தை ஒப்புக்கொள்ளும்? கடைசியில் பதிப்பகம் டெய்லரிடமே டம்பிள்டோரை வரையச் சொல்லி வாங்கி, பிந்தைய அச்சுகளில் அவரைக் குடியேற்றியது. அப்பா இடத்தைக் காலி செய்தார். வாடகை பாக்கி கிடையாது, நோட்டீஸும் கிடையாது.

அதே பின்னட்டையில் இன்னொரு கூத்து. ‘பிலாசபர்ஸ் ஸ்டோன்’ என்ற தலைப்பில், ‘பிலாசபர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். உள்ளே 53-ஆம் பக்கத்தில், பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வருகிறது. 1997 ஜூன் 26 அன்று வெளியான கெட்டி அட்டைப் பதிப்பு மொத்தமே 500 பிரதி. அதில் 300 நூலகங்களுக்குப் போய், பிள்ளைகள் கையில் பிய்ந்தது. மிஞ்சியவற்றில் ஒன்று 2021-இல் அமெரிக்காவில் 4,71,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த ரெட்டை மந்திரக்கோல் இருக்கிறதா என்றுதான் சேகரிப்பாளர்கள் முதலில் பார்க்கிறார்கள். எங்கள் பத்திரிகையில் ஒரு கொம்பு விட்டுப்போனால் பிழைதிருத்துபவரைக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்கள். அவர் பாவம், பிறந்த நாடு சரியில்லை.

அடுத்த ஆண்டு, 1998-இல், பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. புத்தகம் குழந்தைகளிடம் மட்டும் விற்றிருந்தால் அது நடந்திருக்காது. புளூம்ஸ்பரி அலுவலகத்தில் அன்று என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானாகக் கட்டிய வசனம் இது. லண்டன்காரர்கள் என்றாலும் என் கற்பனையில் இருவருக்கும் வீடு ராயப்பேட்டையில்.

“சார், கணக்கு இடிக்குது. நாட்டுல இத்தனை பிள்ளைங்களா?”

“பிள்ளைங்க எங்கய்யா வாங்குறாங்க? அப்பனுங்க வாங்குறானுங்க.”

“பிள்ளைக்குத்தானே சார்?”

“தனக்கு! ஆபீஸ் போற ரயில்ல பேப்பருக்குள்ள வெச்சுப் படிக்கிறானுங்க.”

“அப்ப என்ன பண்றது?”

“அவனுங்க வெக்கத்துக்கு ஒரு அட்டை போடு.”

போட்டார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு ரயில் புகைப்படம். பெரியவர்கள் பதிப்பு. கதையில் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. பையன் மட்டும் அட்டையை விட்டு இறங்கிவிட்டான். சூட் போட்ட மனிதர் அதை விரித்துப் பிடித்தால் எதிர் சீட்காரருக்கு அது ஏதோ போர்க்கால நாவல் மாதிரி, அல்லது ரயில்வே இலாகா அறிக்கை மாதிரித் தெரியும். உள்ளே அவர் துடைப்பத்தில் பறந்துகொண்டிருப்பார்.

நமக்கு இந்த வித்தை புதிதில்லை. பௌதிகப் புத்தகத்துக்குள் ராஜேஷ்குமார் பாக்கெட் நாவலை வைத்துப் படித்த தலைமுறை நாம். ஆனால் ஒளிப்பது வாசகனின் வேலையாக இருந்தது. செலவும் அவனுடையது, அடியும் அவனுடையது. அதைப் பதிப்பகமே செய்து தந்து, தனி விலை போட்டு விற்றது வெள்ளைக்காரன் மூளை. எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்த இடம் இது. கதையை மாற்றாமல், வாங்குபவனின் கூச்சத்தை மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. புது அட்டை என்று எதைப் பார்த்தாலும் அதற்குப் பின் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: இது யாருக்குப் பயந்து போட்டது?

அமெரிக்காவுக்குப் போனபோது பயம் வேறு உரு எடுத்தது. ஸ்காலஸ்டிக் நிறுவனத்தின் ஆர்தர் லெவின் 1,05,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கியிருந்தார். அறிமுக எழுத்தாளரின் சிறுவர் நாவலுக்கு அன்று அது தலை சுற்றுகிற தொகை. இத்தனை கொடுத்த பிறகு தலைப்பில் ‘பிலாசபர்’ என்று இருந்தால் அமெரிக்கப் பிள்ளைகள் தத்துவப் பாடம் என்று நினைத்து ஓடிவிட மாட்டார்களா? ஆகவே தத்துவஞானியை எடுத்துவிட்டு மந்திரவாதியை வைத்தார்கள். கல்லுக்குப் பின்னால் இருந்த ரசவாத மரபு முழுக்க ஒரு சொல்லோடு காணாமல் போயிற்று. ரௌலிங் பின்னாளில் இதற்காக வருத்தப்பட்டார். தமிழில் வந்தபோது மொழிபெயர்ப்பாளருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘ரசவாதக் கல்’ என்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். போகர் நாட்டில் இதற்கெல்லாம் கமிட்டி எதற்கு?

படத்தை மேரி கிராண்ட்ப்ரே வரைந்தார். இங்கிலாந்தில் ரயிலுக்கு வழி தெரியாமல் நின்ற பையன் அமெரிக்க அட்டையில் துடைப்பத்தில் ஏறி, தலைமுடி பறக்க, தங்கப் பந்துக்குக் கை நீட்டுகிறான். மூலையில் மூன்று தலை நாய், தூரத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரை. பெயரின் எழுத்திலேயே ஒரு மின்னல். கொடுத்த காசுக்குக் கூடுதலாகக் கேட்கிற நாடு அது. அட்டையிலேயே எல்லாம் தெரியவேண்டும். நியாயமாகச் சொன்னால், ஏழு பாகத்தையும் ஒரே கை வரைந்ததால் அமெரிக்க ஹாரி ஒரே முகத்தோடு வளர்ந்தான். இங்கிலாந்தில் ஏழு பாகத்துக்கு நான்கு ஓவியர்கள். பள்ளி குரூப் போட்டோவில் வருஷத்துக்கு வருஷம் மூக்கு மாறும் பையனைப் போல அவன் ஆகிவிட்டான். ஐந்தாம் பாகத்தில் அந்தச் சிக்கலே வேண்டாமென்று அட்டையில் தீப்பறவை ஒன்றைப் பறக்கவிட்டார்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, இத்தாலியைத் தவிர. இத்தாலியின் முதல் அட்டையில் ஹாரிக்குக் கண்ணாடியே கிடையாது. உலகத்திலேயே அடையாளம் காண ஆக எளிதான பையன். நெற்றியில் தழும்பு, மூக்கில் வட்டக் கண்ணாடி. காந்தியை வரையச் சொன்னால் கண்ணாடி இல்லாமல் வரைந்து, தலையில் கிராப் வைத்த மாதிரி. பின்னால் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடி இல்லாத அந்தப் பிரதிகளைத் தேடிக்கொண்டு இப்போது சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள் என்பதை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

இங்கே கொஞ்சம் தடம் மாறுகிறேன், ஏனென்றால் அட்டைச் சரித்திரத்தின் ஆகச் சிறந்த ஆள்மாறாட்டம் ஹாரிக்கு நடக்கவில்லை. எமிலி பிராண்டிக்கு நடந்தது. 2005-இல் ‘ட்வைலைட்’ வந்தது. கறுப்புப் பின்னணியில் வெளுத்த இரண்டு கைகள், நடுவே சிவப்பு ஆப்பிள். ரத்தக்காட்டேரிக் காதல் கதைக்கு ஆப்பிள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் இளையோர் நாவல் அலமாரி மொத்தமும் துக்க வீடு மாதிரிக் கறுத்துப் போயிற்று. கறுப்பு அட்டை, நடுவில் சிவப்பாக ஏதாவது ஒன்று. பூவோ, ரிப்பனோ, கையில் கிடைத்தது.

அந்தக் கதையின் காதலர்களான பெல்லாவும் எட்வர்டும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பற்றி நடுநடுவே பேசிக்கொள்வார்கள். ஹார்ப்பர்காலின்ஸ் கப்பென்று பிடித்துக்கொண்டது. 2009-இல் அந்த நாவலுக்கு அதே கறுப்பு அட்டை, நடுவே ஒரு பூ, பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிடித்த புத்தகம் என்று கொட்டை எழுத்தில் ஒரு சிபாரிசு. 1847-இல் வெளிவந்த நாவல். எழுதிய எமிலி மறு ஆண்டே காலமாகிவிட்டார். அப்போது அதன் மேல் இருந்த பெயர் எல்லிஸ் பெல். பெண் என்று தெரியக் கூடாதாம். பார்த்தீர்களா, பாட்டியிடம் இனிஷியல் கடன் வாங்கிய கதை இவருக்கு நூற்றைம்பது வருஷம் முன்பே நடந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஆண் வேஷம், செத்த பிறகு காட்டேரிக்குத் தோழி வேஷம். எமிலி அம்மையார் தன் சொந்த முகத்தோடு கடைக்கு வர இன்னும் யாரும் விடவில்லை. இலக்கியவாதிகள் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. அந்தப் பூவைப் பார்த்து ஏமாந்து வாங்கி, எட்வர்டைத் தேடிப் போய் எமிலியின் நாயகன் ஹீத்கிளிஃபிடம் மாட்டிக்கொண்ட பதினைந்து வயதுப் பெண்களை நினைத்தால் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆப்பிள் என்று கடித்தால் பச்சை மிளகாய்.

சிரிக்க முடியாத ஒரு கதையும் இதில் உண்டு. சிரிப்போடுதான் சொல்ல வருகிறது. அதே 2009. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் ‘லையர்’. கதை சொல்லும் பெண் மைக்கா கறுப்பினத்தவள், குட்டை முடிக்காரி. புளூம்ஸ்பரியின் அமெரிக்கக் கிளை போட்ட அட்டையில் வெள்ளைத் தோலும் நீண்ட நேர்முடியுமாக ஒருத்தி. கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் விற்காது என்பது அந்தத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆசிரியரே பகிரங்கமாக ஆட்சேபித்தார். பதிப்பகத் தரப்பு சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: கதாநாயகி வாயைத் திறந்தாலே பொய்; தன் நிறத்தைப் பற்றி மட்டும் அவள் உண்மை சொல்கிறாள் என்று ஏன் நம்பவேண்டும் என்கிற தோரணையில் போனது அது. வடிவேலு கூட இந்த அளவுக்குச் சமாளித்ததில்லை. சத்தம் அடங்காததால், புத்தகம் கடைக்கு வருவதற்குள் அட்டை மாறியது. பாடம் படித்துவிட்டார்கள் என்று எல்லோரும் கலைந்து போனார்கள். 2010 ஜனவரியில் அதே பதிப்பகம், ‘மேஜிக் அண்டர் கிளாஸ்’ என்ற நாவல், கருநிற நாயகி, அட்டையில் மறுபடியும் வெள்ளைப் பெண். மறுபடியும் சத்தம், மறுபடியும் புது அட்டை. வாசகனின் கூச்சத்துக்குச் சட்டை தைத்துத் தந்ததும் இதே கடைதான். சொந்த பயத்துக்குத் தைத்தது மட்டும் இரண்டு தடவையும் நடுத்தெருவில் கிழிந்தது.

ஹாரிக்குத் திரும்புவோம். 2007-இல் ஏழாம் பாகத்தோடு கதை முடிந்துவிட்டது. எழுத்தாளர் பேனாவை மூடிவிட்டார், பையனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளைகளையும் அதே ரயிலில் ஏற்றியாகிவிட்டது. பதிப்பகத்துக்கு இப்போது வேறொரு பயம்: வைத்திருக்கிறவனிடம் எதை விற்பது? 2010-இல் கிளேர் மெலின்ஸ்கியின் லினோ அச்சுப் படங்களோடு ஒரு வரிசை. 2013-இல் பெரியவர்களுக்கு மரச்செதுக்குப் படங்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்குக் காமிக்ஸ் ஓவியர் கசு கிபுயிஷி. பழைய அட்டைகளை மாற்றுவதைப் பார்க்கவே பிடிக்காமல் முதலில் தயங்கியதாக அவரே சொன்னார். பிறகு ஏழையும் வரைந்தார். அவற்றின் முதுகுகளை வரிசையாக அடுக்கினால் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டை தெரியும். இரண்டாம் பாகத்தைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தால் கோட்டைச் சுவரில் ஓட்டை விழும். இரவலை ஒழிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

2014-இல் இங்கிலாந்தில் ஜானி டடில். அடுத்த ஆண்டு ஜிம் கே உள்ளேயும் வெளியேயும் வண்ணம் அடித்தார். 2018-இல் அமெரிக்காவில் பிரையன் செல்ஸ்னிக் கறுப்பு வெள்ளையில் வரைந்த ஏழு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நீளப் படம். ஒன்று குறைந்தால் நவராத்திரிக் கொலுவில் ஒரு படி காணாமல் போன மாதிரி. ஆனால் நான் விழுந்து கும்பிட்டது 2017-இன் யோசனைக்குத்தான். பள்ளியின் நான்கு விடுதிகளுக்கு நான்கு நிறத்தில் அதே முதல் பாகம். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். கட்சிக்கரை வேட்டியைக் கண்டுபிடித்த நாடு நாம். இது நமக்குத் தோன்றாமல் போனதே என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள் நான்கு நிறம் கேட்டால் நான்கும் வாங்கவேண்டும். என் வீட்டு மூன்றாவது பிரதி மஞ்சள்.

இத்தனை சட்டைக்கும் என் அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று சாயந்திரம், பிரவுன் தாள், கத்தரிக்கோல், சோற்றுப் பசை. கணக்கும் இங்கிலீஷும் பூகோளமும் ஒரே நிறம். மேலே ஒரு லேபிள், அதில் என் பெயர். ஆசிரியர் பெயர் எங்கேயும் கிடையாது. அவருக்கு எத்தனை இனிஷியல் இருந்தால் எங்களுக்கு என்ன?

அந்த இரண்டு நாள் வேலையின் கணக்கு பாக்கி இருக்கிறது. டெய்லரின் மூல ஓவியம் 2001-இல் லண்டன் சோதபீஸில் 85,750 பவுண்டுக்கு ஏலம் போனது. மறுபடி 2024 ஜூன் 26 அன்று, புத்தகம் வந்த அதே தேதியில், நியூயார்க்கில் சுத்தியல் விழுந்தது: 19.2 லட்சம் டாலர். ஏறத்தாழ 16 கோடி ரூபாய்.

டெய்லர் பிற்பாடு தானே எழுத ஆரம்பித்தார். கடலோர ஊரில் ஒரு பழைய ஹோட்டல், அங்கே தொலைந்துபோன பொருள்களைப் பத்திரப்படுத்திவைக்கும் ஒரு பையன்; ‘மலமாண்டர்’ என்ற நாவல், 2019-இல் வெளிவந்தது, பின்னால் தொடராக வளர்ந்தது. நன்றாகவே இருக்கிறது. அதன் அட்டையை வேறொருவர் வரைந்திருக்கிறார்.